நின்றால் அணைந்து போகும் பழைய கார்! குற்றவாளி யார்?

கரிசல் புழுதியா? கலப்பு பெட்ரோலா?

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. கொஞ்ச நேரத்தில் "டப்" என்று அணைந்து விடுகிறது.

பழைய பெட்ரோல் கார் வைத்து இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கோவில்பட்டி கடைத்தெருவில் ஒரு மாட்டு வண்டிக்கோ பஸ்ஸுக்கோ வழிவிட நிறுத்தினால் போதும். என்ஜின் நின்று விடும். பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடிப்பார்கள். டிரைவருக்கு வேர்த்துக் கொட்டும்.

ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் மெதுவாக, சீராக ஓடிக்கொண்டு இருக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் இதை "ஐடிலிங்" என்பார்கள். "ஸ்லோ" என்றும் சொல்வார்கள். இந்த ஸ்லோ கெட்டுப்போனால் கார் நம்பிக்கைக்கு உரியது அல்ல.

பணக்காரருக்கு இது சின்ன விஷயம். புதுக் கார் வாங்கி விடுவார். ஆனால் எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் பழைய கார் என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பாக இருக்கலாம். கல்யாணத்துக்கும், குலதெய்வக் கோவிலுக்கும், திருச்செந்தூருக்கும் வாடகைக்குப் போகிற வண்டி அது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட வண்டி, நடு ரோட்டில் அணைந்து போனால் என்ன ஆகும்?

இப்பொழுது இந்தக் கோளாறுக்கு ஒரு புதுக் காரணம் சொல்லப்படுகிறது. "எல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் வந்த வினை" என்கிறார்கள்.

இது உண்மையா? ஓரளவு உண்மை. முழுவதும் உண்மை அல்ல.

100 லிட்டரில் 20 லிட்டர்

எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். கரும்பு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றில் இருந்து இதை எடுக்கிறார்கள். பெட்ரோலைப்போலவே இதுவும் எரியும்.

இந்தியாவில் 2003-ம் ஆண்டில் 100 லிட்டர் பெட்ரோலுக்கு 5 லிட்டர் எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதக் கலப்பு பெட்ரோலை 2023-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். முதலில் 2030-ம் ஆண்டில் அடைவதாக இருந்த இலக்கு அது. 2025-ம் ஆண்டிலேயே எட்டப்பட்டு விட்டது.

இதில் நாட்டுக்கு லாபம் உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. எத்தனால் கலப்பதால், 11 ஆண்டுகளில் 1 லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமானதாக மத்திய பெட்ரோலியத் துறை 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவித்தது.

நாட்டுக்கு லாபம் சரி. பழைய காருக்கு?

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. 2025-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்த கார்களில் என்ஜினும் அதற்கு ஏற்றபடி அமைக்கப்பட்டு இருக்கிறது. அதற்கு முந்திய கார்களின் நிலைதான் சிக்கல்.

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டு மே மாதம் நின்று போனது. மாருதி 800 உற்பத்தி அதே ஆண்டு ஜனவரி மாதம் நின்றது. பிரிமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்று விட்டது. இந்தக் கார்களைப் படைத்தவர்கள் 20 சதவீத எத்தனாலைக் கனவிலும் நினைத்தது இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். இது பெட்ரோல் கார்களைப் பற்றிய பேச்சு. அம்பாசடரில் டீசல் வண்டியும் உண்டு. டீசல் வண்டி நின்றபடி நடுங்கினால் அதற்கு இந்த எத்தனால் காரணம் அல்ல.

நிற்கும்போது ஏன் நடுங்குகிறது?

கார் ஓடும்போது என்ஜின் பெரிய மூச்சு விடுகிறது. நிற்கும்போது சின்ன மூச்சு விடுகிறது. கோளாறின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரின் வாசல் அகலமாகத் திறக்கும். காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போகும். காலை எடுத்தால் வாசல் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிறகு என்ஜின் உயிர் பிழைப்பது ஒரு சின்னத் துளையினால்தான். "ஸ்லோ ஜெட்" என்பது அதன் பெயர். ஊசி முனை அளவே உள்ள துளை அது.

அந்தத் துளையில் ஒரு தூசி அடைத்தாலும் என்ஜின் பட்டினி கிடக்கும். வேறு ஒரு வெடிப்பின் வழியாகக் கொஞ்சம் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலும் கலவை கெட்டு விடும். வேகமாக ஓடும்போது இந்தச் சின்னக் குறை தெரியாது. குடம் தண்ணீரில் ஒரு சொட்டு கூடினால் யாருக்குத் தெரியும்? ஒரு கரண்டித் தண்ணீரில் கூடினால் தெரிந்து விடும் அல்லவா? அது போலத்தான்.

எத்தனால் என்ன செய்கிறது?

முதலாவது, கலவை மெலிந்து விடுகிறது. 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 1 கிலோ எத்தனாலுக்குச் சுமார் 9 கிலோ காற்று போதும். எத்தனாலுக்கு உள்ளேயே பிராண வாயு இருப்பதே காரணம். ஆகவே, எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். இன்ஜெக்ஷன் வைத்த புதுக் காரில் அதற்கு என்று ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது புகையைச் சோதித்து, தானே அளவைக் கூட்டிக் கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. என்றைக்கோ துளைத்து வைத்த துளைதான் அதற்குக் கணக்கு.

இரண்டாவது, எத்தனால் பழைய அழுக்கைக் கரைக்கும். இருபது முப்பது ஆண்டுகளாக டாங்கின் அடியில் படிந்து கிடந்த பிசின் கிளம்பும். அது போய் நிற்கும் இடம் பில்டர். அதையும் தாண்டினால் ஸ்லோ ஜெட்.

மூன்றாவது, பழைய ரப்பரை அது கெடுக்கும். சில ரப்பர் உப்பும். சில இறுகி வெடிக்கும். பெட்ரோல் ஓஸ், வாஷர், பம்பில் உள்ள டயாப்ரம் ஆகியவை முதலில் பாதிக்கப்படும்.

நான்காவது, எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைப் பல வாரம் எடுக்காமல் நிறுத்தி வைத்தால், டாங்கில் ஈரம் சேரலாம். ஈரம் மிகுந்து விட்டால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது என்ஜினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான்!

கரிசலும் சும்மா இல்லை

எத்தனால் மீது மட்டும் பழியைப் போட்டு விட முடியுமா? முடியாது.

கரிசல் மண் மழையில் சேறாக ஒட்டும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண் வண்டித் தடத்தில் அரைபட்டு, மாவு போன்ற புழுதியாகப் பறக்கும். காற்று வடிகட்டியை, அதாவது ஏர் பில்டரை, அது சீக்கிரம் அடைத்து விடும். நல்ல தார் ரோட்டில் மட்டும் ஓடும் காருக்குச் சொன்ன கணக்கு, கரிசல் காட்டு மண் ரோட்டில் ஓடும் காருக்குப் பொருந்தாது.

வெயிலும் ஒரு காரணம். சித்திரை வெயிலில் ரொம்ப தூரம் ஓடிய காரை நிறுத்தினால், பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். பெட்ரோல் மேலே ஏறாது. பழைய அம்பாசடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுவது இதற்காகத்தான். எத்தனால் கலக்காத காலத்திலேயே இருந்து வந்த தொல்லை இது.

ஆகவே, எத்தனால் வருவதற்கு முன்பே பழைய காருக்கு நோய் உண்டு. எத்தனால் அந்த நோயைக் கூட்டி இருக்கிறது. தேய்ந்த பிளக்கும், வெடித்த ஓஸும், அடைத்த பில்டரும் உள்ள கார், 5 சதவீதக் கலப்பை எப்படியோ சமாளித்தது. 20 சதவீதக் கலப்பு அதைக் காட்டிக் கொடுத்து விட்டது.

செலவு குறைந்ததை முதலில் பார்க்க வேண்டும்

கார் நடுங்கியவுடன் "கார்புரேட்டரை மாற்று" என்று கிளம்புவது தவறு. "ஸ்லோ ஸ்குரூவை ஏற்றி வை" என்பதும் தவறு. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் தலையில் ஈரத் துணி போடுவது போன்றது அது. நடுக்கம் மறையும். ஆனால் பெட்ரோல் வீணாகும். கோளாறு அப்படியே இருக்கும்.

வரிசையாகப் பார்க்க வேண்டும்:

1. எப்போது அணைகிறது என்று கவனிக்க வேண்டும். காலையில் குளிர்ந்து இருக்கும்போது மட்டுமா? சூடான பிறகு மட்டுமா? விளக்கு போட்டால், ஏ.சி. போட்டால் மட்டுமா? இதைச் சொன்னாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்து விடும்.

2. ஏர் பில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கறுத்து அடைத்து இருந்தால் மாற்ற வேண்டும்.

3. ரப்பர் ஓஸ்களைப் பார்க்க வேண்டும். வளையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா? என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது "உஸ்" என்ற சத்தம் வருகிறதா? காற்று இழுக்கும் ஓஸை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்ததும் நடுக்கம் குறைந்தால், ஓட்டை அந்தப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கையையோ, துண்டையோ, சேலை முந்தானையையோ கொண்டு போகக் கூடாது.

4. பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. கரி படிந்து இருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று அடைப்பு. வெளுத்துப் போய் இருந்தால் பெட்ரோல் போதவில்லை. எத்தனால் கலப்பால் மெலிந்துபோன கலவை இந்த வெளுப்பில் தெரியலாம்.

5. பழைய மாடல் காரில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டும், கண்டென்சரும் தேய்ந்து இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

6. பெட்ரோல் பில்டரை மாற்ற வேண்டும். பழைய பில்டரைத் தட்டிப் பார்த்தால் துருவும் பிசினும் வருகிறதா என்று தெரியும். வந்தால் டாங்கைக் கழுவ வேண்டும்.

7. பிறகுதான் ஸ்லோ ஜெட்டைக் கழற்ற வேண்டும். காற்று அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகி, வேறு கோளாறு வந்து விடும்.

8. இத்தனையும் முடிந்த பிறகு, கடைசியாக மிக்சர் ஸ்குரூவையும் ஸ்லோ ஸ்குரூவையும் திருப்பி அளவு வைக்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இன்ஜெக்ஷன் கார் என்றால் திராட்டில் பாடியில் கரி படிந்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகி விடும்.

இரண்டு எச்சரிக்கைகள். கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். ஆனால் பெட்ரோல் கசிவு தேடும் இடத்தில் தீக்குச்சிக்கு வேலை இல்லை! பெட்ரோல் ஓஸ் கசிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் புகையில் வாசனை இல்லாத விஷ வாயு இருக்கிறது. ஆளைக் கொன்று விடும்.

எவ்வளவு நஷ்டம்?

எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே மைலேஜ் குறையும். இதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு குறையும் என்பதில்தான் பேச்சு.

நிதி ஆயோக் 2021-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று சொல்லப்பட்டது. பெட்ரோலியத் துறை 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட விளக்கத்தில், புதுக் கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றுக்கு 3 முதல் 6 சதவீதம் என்று கூறியது. பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்றும், அதற்குச் செலவு குறைவு என்றும் அது தெரிவித்தது.

வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் கொடுத்த கார், 6 சதவீதம் குறைந்தால் 14 கிலோ மீட்டர் சொச்சம்தான் கொடுக்கும். மாதம் 1,000 கிலோ மீட்டர் ஓடினால் 4 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் பிடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் 400 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. ரப்பர் மாற்றும் செலவு தனி. அதுவும் உற்பத்தி நின்றுபோன காருக்கு நல்ல பாகம் தேடி அலைய வேண்டும். வாடகை கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்னச் செலவு அல்ல.

டாங்குக்குள் 16 கிலோ சோளம்!

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது கரிசல் காட்டிலேயே இருக்கிறது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பகுதிகளில் வானம் பார்த்த பூமியில் மக்காச்சோளம் விளைகிறது. ஒரு காலத்தில் பருத்தியும் கம்பும் நின்ற நிலம் அது. 2018-ம் ஆண்டு வந்த படைப்புழு விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. காட்டுப்பன்றித் தொல்லை வேறு.

தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆனால் இந்திய அளவில் எத்தனாலுக்கு இப்பொழுது பெரிய மூலப்பொருளாக மக்காச்சோளம் வந்து இருக்கிறது. 1 டன் சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 30 லிட்டர் கலப்பு பெட்ரோலில் 6 லிட்டர் எத்தனால் இருக்கிறது. அது முழுவதும் சோளத்தில் எடுத்தது என்றால், சுமார் 16 கிலோ சோளம் அந்த டாங்குக்குள் போகிறது!

கோழிப்பண்ணைக்காரரோடு எத்தனால் ஆலைக்காரரும் சோளம் வாங்க வந்தால், விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வழி உண்டு. தீவன விலை ஏறினால், முட்டை விலையும் கோழி விலையும் ஏறவும் வழி உண்டு. மத்திய அரசாங்கம் 2025-26-ம் ஆண்டுக்கு மக்காச்சோளத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலை களத்து மேட்டில் விவசாயியின் கைக்கு வருகிறதா என்பதுதான் முக்கியம்.

இந்த வட்டாரத்தில் கார்க்காரர் வேறு, விவசாயி வேறு என்று பிரிக்க முடியாது. அண்ணன் சோளம் போடுவார். தம்பி வாடகை கார் ஓட்டுவார். எத்தனாலை அடியோடு நிறுத்து என்றால் அண்ணனுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் போகலாம். இப்படியே இருக்கட்டும் என்றால் தம்பிக்குச் செலவு.

மற்ற நாடுகளில் எப்படி?

எத்தனால் கலப்பதில் பிரேசில் நாடு முன்னோடி. 1975-ம் ஆண்டிலேயே அதற்குப் பெரிய அளவில் திட்டம் போட்டு விட்டது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலப்பை 30 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அங்கே கார்களும் அதற்கு ஏற்றபடி மெல்ல மெல்ல மாறி வந்தன. எந்த அளவு எத்தனாலிலும் ஓடும் கார்கள் 2003-ம் ஆண்டு முதலே அங்கே விற்பனைக்கு வந்து விட்டன.

இங்கிலாந்தில் 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10 சதவீதக் கலப்பு வந்தது. பழைய கார்களுக்காக 5 சதவீதக் கலப்பும் தனியாக வைக்கப்பட்டது. விலை கொஞ்சம் அதிகம். ஆனாலும் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு விற்கும் பம்பில், 2001-ம் ஆண்டுக்கு முந்திய கார்களுக்கு இது ஆகாது என்பது தெரியும்படி எச்சரிக்கை ஒட்ட வேண்டும்.

இந்தியாவிலும் இப்படி எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும், பம்பில் அளவை எழுத வேண்டும் என்று கேட்டு சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. இந்தத் திட்டத்தால் கரும்பு விவசாயிகளுக்கு நன்மை என்று அரசாங்கத் தரப்பில் எடுத்துச் சொல்லப்பட்டது.

வழக்கு முடிந்தது. ஆனால் கேள்வி முடியவில்லை. விவசாயிக்கு நன்மை செய்வது சரி. அதற்கு உரிய செலவில் பெரும்பங்கு, புதுக் கார் வாங்க வசதி இல்லாதவர் தலையில் விழுவது சரியா? தாம் வாங்கும் பெட்ரோலில் என்ன கலந்து இருக்கிறது என்று பம்பிலேயே பளிச்சென்று எழுதி வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஊருக்கு ஒரு பங்கிலாவது பழைய வண்டிக்கு ஏற்ற பெட்ரோல் வைக்கலாம். பழைய மாடல்களுக்கு, எத்தனாலைத் தாங்கும் ரப்பர் ஓஸும் வாஷரும் நியாய விலையில் கிடைக்கச் செய்யலாம். ஒர்க்ஷாப் தொழிலாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கலாம். எத்தனாலை நிறுத்தாமலே இவற்றை எல்லாம் செய்ய முடியும்.

அதுவரை?

பழைய பெட்ரோல் கார் வைத்து இருப்பவர்கள், மழைக்காலம் பிறக்கும் முன்பு ஏர் பில்டர், பெட்ரோல் பில்டர், ஓஸ் மூன்றையும் பார்த்து விடுவது நல்லது. பெட்ரோல் ஓஸ் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கக் கூடியதா என்று கேட்டு வாங்க வேண்டும். காரைப் பல வாரம் அசையாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. பெட்ரோலில் ஊற்றினால் எல்லாம் சரியாகும் என்று யாராவது ஒரு பாட்டில் மருந்தை நீட்டினால், உடனே பணத்தை எடுத்துக் கொடுத்து விடக் கூடாது. வெடித்துப் போன ஓஸை எந்த மருந்தும் ஒட்டாது.

கோளாறு எங்கே என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு!